கணக்கு கசப்பதற்குச் செல்போன் விளையாட்டுதான் காரணமா?

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றதும் பழி செல்போன் மீது விழுகிறது. திருவாரூர், மன்னார்குடி பக்கத்துப் பெற்றோரின் கவலையும் இதுதான். ஆனால் நம் மாணவர்கள் கணக்கில் தடுமாறுவது ஃப்ரீ ஃபயர் போன்ற செல்போன் விளையாட்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பீசா என்னும் பன்னாட்டுத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றை ஒட்டி, தமிழ்நாட்டின் 15 வயது மாணவர்களும் சோதிக்கப்பட்டார்கள். கணக்கில் அவர்களின் சராசரி 351. ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 496. ஊர்ப்புற வீடுகளில் ஸ்மார்ட்போன் பரவாத காலம் அது. ஆகவே போனைப் பிடுங்கி வைத்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது.

அப்படியானால் விளையாட்டால் கேடே இல்லையா? உண்டு; அது பறிக்கும் நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 6 முதல் 9 வயதுச் சிறுவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் உடனே வீடியோ கேம் கருவி கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் அவர்கள் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கினார்கள். பள்ளி விட்டபின் பாடத்துக்கு ஒதுக்கிய நேரமும் குறைந்தது. கணக்கில் மட்டும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள். போட்டுப் பார்த்தால்தான் படியும் அல்ஜீப்ராவுக்கு வந்த பிள்ளை வீட்டுப்பாட நேரத்தை இழந்தால் நிலைமை வேறு. தினமும் ஆன்லைனில் விளையாடும் ஆஸ்திரேலிய மாணவர்கள் கணக்கில் 15 புள்ளி கூடுதலாக எடுத்ததாக 2016இல் வந்த ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். புதிர் விடுவிப்பதில் ஆர்வமுள்ள பிள்ளை இரண்டையும் விரும்பியிருக்கலாம். விளையாட்டுதான் மதிப்பெண் தந்தது என்பதற்கு அது சான்றாகாது.

வகுப்பின் பங்கையும் பேச வேண்டும். விளையாட்டில் தவறு நொடியில் தெரிகிறது, மறுபடி முயல வழி திறக்கிறது. கணக்கு நோட்டோ திருத்தப்பட்டுத் திரும்பவே பல நாள் ஆகிறது. அதற்குள் பாடம் நகர்ந்துவிடுகிறது. நூறு குழி ஒரு மா என்பது காவிரி டெல்டா வீடுகள் அறிந்த நில அளவு. 1,250 குழி எத்தனை மா என்று கேட்டு, ஒரு மாணவி 125 என்றால், பத்தால் வகுத்துவிட்டதை அந்த நிமிடமே அவளைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம். பன்னிரண்டரை என்று அவளே திருத்தும்போது ஈடுபாடு பிறக்கிறது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஒரு பீரியடுக்கு ஒரே கணக்கையாவது பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து சரிபார்க்க வைப்பது முடியாத காரியமில்லை.

வகுப்புக்குள் போன் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: பிறரின் கருவிகளால் கவனம் சிதறிய மாணவர்கள் கணக்கில் 15 புள்ளி குறைவாக எடுத்ததை 2022 பீசா காட்டியது. வீட்டுப்பாடத்தையும் தூக்கத்தையும் பெற்றோர் காக்கட்டும். தவறிய இடத்திலேயே திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பள்ளி தரட்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு விளையாட்டைக் குறைசொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.