செக்ரோலில் தொடங்கும் படிப்பு

பொழுது புலருமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவரைக் கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்த காலத்தில் கெடா ரப்பர் தோட்டங்களுக்குக் கணினி வந்திருக்கவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் இன்று தகவல் முறைமை என்ற பெயரில் கற்பிக்கும் துறை எதைப் பற்றியது என்பதை அந்தப் பதிவேட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். பால் நிறுவையைப் பாருங்கள். வாளிப் பாலை நிறுத்ததோடு கணக்கு முடியாது. ரப்பர் பாலில் பெரும்பகுதி நீர். காய்ந்த ரப்பராகத் தேறுவது நூற்றுக்கு 30 முதல் 40 வரைதான். அதனால் மாதிரி எடுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டு அளவு பார்த்து, காய்ந்த எடையைக் கணக்கிடுவார்கள். 20 கிலோ பாலுக்கு 35 விழுக்காடு என்று பதிந்தால் 7 கிலோ, 30 என்று பதிந்தால் 6 கிலோ. தராசு காட்டிய எடையைப் பால்வெட்டுத் தொழிலாளி தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு கிலோ ரப்பரோ விழுக்காட்டைப் பதிகிறவர் கையில் இருந்தது. எதை அளப்பது, யார் பதிவது, பதிந்ததை யாரால் படிக்க முடியும், யாருடைய கூலி அதனால் கூடும் குறையும் என்ற கேள்விகள்தாம் தகவல் முறைமைத் துறையின் அடித்தளம். கணினி பிறகு வந்து சேர்ந்த கருவி.

துறையின் வரலாறே இதற்குச் சான்று. அலுவலக வேலைக்காக உலகில் முதன்முதலில் கணினியை ஓட்டியது லயன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலைகளும் நடத்திய அந்த நிறுவனம் லியோ என்ற கணினியைத் தானே கட்டி, 1951இல் ரொட்டி ஆலைக் கணக்கை அதில் ஏற்றியது. தன் அலுவலகத்தில் எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று 1930களிலிருந்தே ஆராய்ந்து வைத்திருந்ததால்தான் இயந்திரத்திடம் எதை ஒப்படைப்பது என்று அதற்குத் தெரிந்தது. 1968இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் இத்துறைக்கு முனைவர் படிப்பைத் தொடங்கினார். 1977இல் அங்கிருந்தே எம்.ஐ.எஸ். குவாட்டர்லி ஆய்விதழ் வெளிவந்தது. என்னைக் கேட்டால், இவர்களைவிட நம் தோட்டங்களுக்கு நெருக்கமானவர் மான்செஸ்டரில் பணியாற்றிய ஈனிட் மம்ஃபோர்ட். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்களிடையேயும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆய்வு செய்துவிட்டுக் கணினித் துறைக்கு வந்தவர் அவர். ஒரு முறைமையால் யாருடைய வேலை மாறப்போகிறதோ அவர்களும் உட்கார்ந்துதான் அதை வடிவமைக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

இத்துறைக்குச் சொந்தச் சரக்கு இல்லை, கணினியியலிலும் நிர்வாகவியலிலும் கடன் வாங்கியே பிழைக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. துறைக்குள்ளேயே பீட்டர் கீன் 1980இல் இந்தக் குறையை எழுப்பினார். 2003இல் பென்பசாட், ஸ்மட் இருவரும் துறை தன் அடையாளத்தை இழந்துவருகிறது, தகவல் தொழில்நுட்பத்தை மீண்டும் நடுவில் வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. செக்ரோலும் தகவல் முறைமை என்றால், மளிகைச் சீட்டும் அதுதானா, எல்லை எங்கே என்று கேட்கத்தான் வேண்டும். பதிவு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, மூன்றாவது ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் எல்லைக்கோட்டைப் போடலாம். வெறும் தொழில்நுட்பத்தை நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்பதை வால்ஷாம், சாஹே இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இந்திய மாவட்ட நிர்வாகங்களில் தரிசு நில மேம்பாட்டுக்காகக் கணினி வரைபட முறைமைகளைக் கொண்டுவந்தார்கள். மென்பொருள் இருந்தது, விஞ்ஞானிகள் இருந்தார்கள். வரைபடம் பார்த்து முடிவெடுக்கும் வழக்கமோ, துறைகள் கூடி வேலை செய்யும் ஏற்பாடோ மாவட்ட அலுவலகங்களில் இல்லை. அன்றாட நிர்வாகத்தில் அந்த முறைமைகள் வேரூன்றவில்லை. கணினியியலை மட்டும் படித்தவருக்கு இந்தத் தோல்வி பிடிபடாது.

கெடாவிலேயே 1984இல் நிர்வாகவியலை மையமாக வைத்து வட மலேசியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, பின்னர் சிந்தோக்கில் நிலைபெற்றது. அப்படியிருந்தும், சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் நம் பிள்ளைகள் கணினிப் படிப்பு என்றால் நிரல் எழுதுவது மட்டுமே என்று எண்ணி விண்ணப்பிக்கிறார்கள். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்தின் பையன் இன்று மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு நடைக்கு எவ்வளவு என்று கைப்பேசிச் செயலி சொல்கிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்பது பால்வெட்டிய அவன் பாட்டிக்கு அந்த விழுக்காடு தெரியாதிருந்ததுபோலவே அவனுக்கும் தெரிவதில்லை. அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவும் வேறுவிதமாக அமைக்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பும் மாணவர்களே, பெற்றோர்களே, படிப்பின் பெயரோடு நின்றுவிடாமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முறைமைப் பகுப்பாய்வும், வேலையிடத்துக்குப் போய்ப் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டறியும் களப்பணியும் அதில் இருந்தால் துணிந்து தேர்ந்தெடுங்கள்.