ஈயைக் காட்டி மீனை ஏய்க்கும் வித்தை

தூண்டில் போடத் தெரியாத கிராமத்துப் பையன் உண்டா? ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நூல், ஒரு முள், முள்ளில் நெளியும் ஒரு மண்புழு. இவ்வளவுதான் சாமான். குளக்கரையில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் நாலு கெண்டையாவது அகப்படும். ஆனால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தூண்டிற்கோலும் கையுமாகப் புறப்படும் ஒரு கூட்டத்தார் முதலில் ஆற்றுக்குப் போவதில்லை, புல்தரைக்குப் போகிறார்கள்! டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரி மாணவர்களும் புல்லின்மீது நின்று கயிற்றை முன்னும் பின்னுமாக வீசுகிறார்கள். கயிற்றின் நுனியில் முள்கூடக் கிடையாது. சிறு கம்பளி நூல்தான் கட்டியிருக்கும்.

'ஈத் தூண்டில்' என்னும் வித்தையின் அரிச்சுவடி இதுதான்.

இந்தத் தூண்டிலில் முக்கியமாகப் பிடிபடுவது டிரவுட் என்ற மீன். குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நம் நீலகிரிக்கும் இந்த மீனுக்கும் பழைய தொடர்பு உண்டு. அங்கே அதைக் குடியேற்ற 1860-களில் பிரான்சிஸ் டே முயன்றார், அது நிலைக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் காலத்தில்தான் காரியம் கைகூடியது. அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது.

டிரவுட்டின் ஆகாரத்தில் பெரும்பகுதி பூச்சிகள். அவற்றில் 'மே ஈ' என்பது விசேஷமானது. ஆற்றடியில் கற்களுக்கிடையே பல மாதங்கள் புழுவாகக் காலம் தள்ளிவிட்டு, ஒரு நாள் மேலே வந்து சிறகு விரிக்கும். சிறகு முளைத்த பிறகு அதற்கு உண்ண வாய் கிடையாது! நம் ஊர் ஈசலைப் போல, ஓரிரு நாளில் முட்டையிட்டு மடிந்துவிடும். அது நீர்மேல் மிதந்து வரும் வேளையில்தான் மீனுக்கு விருந்து.

அந்தப் பூச்சியை முள்ளில் குத்த முடியாது, அவ்வளவு மெல்லியது. ஆகையால் முள்ளின்மீது இறகும் ரோமமும் நூலும் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி செய்கிறார்கள். இது நேற்று வந்த தந்திரமல்ல. மாசிடோனியா நாட்டு மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, இரண்டு சேவல் இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை ஈலியன் என்ற ரோமானிய ஆசிரியர் கி.பி. 200-ஐ ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்.

பலசாலி தோற்கும் இடம்

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டு இருக்கிறது. அதை வீசினால், அது நூலை இழுத்துக்கொண்டு போய் விழும். பொய் ஈயோ ஊதினால் பறந்துவிடும். அதை நாற்பது அடி தூரம் எறிவது எப்படி?

எறிய முடியாது. எறியப்படுவது ஈ அல்ல, கயிறு! இந்தத் தூண்டிலில் கயிற்றுக்குத்தான் கனம். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது 'ஐந்தாம் எண்' கயிறு. அதன் முதல் முப்பது அடி சுமார் ஒன்பது கிராம் இருக்கும். அந்தக் கனம் ஒன்பது அடிக் கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிறு பறக்கிறது. ஈ அதன் வாலில் தொங்கிக்கொண்டு போகிறது.

புதிதாகக் கற்பவன் என்ன செய்கிறான்? பல்லைக் கடித்துக்கொண்டு, பலத்தையெல்லாம் கூட்டிச் சாட்டையைப் போல் அடிக்கிறான். 'படீர்' என்ற சத்தம் கேட்கிறது. நுனியில் இருந்த ஈ அறுந்து போய்விடுகிறது. மறுமுறை இன்னும் பலமாக அடிக்கிறான். கயிறு காலடியில் பாம்புச் சுருளாக விழுகிறது. ஒரு பருவம் இப்படிப் போராடிவிட்டுக் கோலைப் பரண்மேல் போட்டவர்கள் அநேகர். அவர்களுக்குக் குறைவாக இருந்தது பலமல்ல. நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோலைப் பின்னால் தூக்கும்போது, அது தலைக்கு நேர் மேலே வந்து சற்றே பின்சாய்ந்ததும் சட்டென்று நிறுத்த வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கயிறு சுருள் பிரிந்து நீளும்வரை கையை அசைக்கக் கூடாது. நீண்டதும் முன்னே கொண்டு வந்து மறுபடியும் சட்டென்று நிறுத்த வேண்டும். வேகமாகப் போகிற வண்டி நின்றால் உள்ளே இருப்பவர் முன்னே சாய்கிறார் அல்லவா? அதைப்போல, கோல் நின்ற இடத்திலிருந்து கயிறு தானாகப் போகிறது. பின்பக்கம் காத்திருக்கும் அந்த ஒரு கணந்தான் பெரிய சோதனை. தலையைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மான்டானாவைச் சேர்ந்த நார்மன் மக்லீன் 1976-ல் வெளியிட்ட நூலில், பாதிரியாரான தந்தை தம் பிள்ளைகளுக்கு இதைக் கற்பித்த விதம் வருகிறது. சங்கீதக்காரர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் கருவியை முடுக்கிவிட்டு, நாலு எண்ணிக்கையில் கோலை வீசச் செய்தாராம்! 1992-ல் அந்தக் கதை சினிமாவாக வந்த பிறகு ஆற்றங்கரைகளில் புதுமுகங்களின் கூட்டம் பெருகிவிட்டது. சினிமாவைப் பார்த்துக் கோல் வாங்கியவர்களில் எத்தனை பேர் தாளத்தைப் பழகினார்களோ!

அப்பாவின் கோலை எடுத்த சிறுமி

பலம் பெரிதல்ல என்பதற்குச் சாட்சி ஒரு பெண்மணி. ஜோன் வுல்ஃப் 1926-ல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் பிறந்தவர். அவர் தந்தைக்குத் தூண்டில் பைத்தியம். மகன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், மகளைக் கூப்பிடவில்லை. சுமார் பத்து வயதில் ஒரு நாள் அந்தச் சிறுமி அப்பாவின் கோலை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விட்டாள். வீசினாள். கோலின் மேல்பாதி கழன்று தண்ணீரில் விழுந்தது! பக்கத்து வீட்டுக்காரர் வாரியால் துழாவி எடுத்துக் கொடுக்க, உயிர் வந்தது. விஷயம் தெரிந்த தந்தை கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளையும் வீச்சுப் பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துப் போனார்.

அந்தச் சிறுமி வளர்ந்து நடன ஆசிரியை ஆனாள். கூடவே வீச்சுப் போட்டிகளிலும் பரிசுகள் குவித்தாள். தூர வீச்சுப் பந்தயம் ஒன்றில் 1951-ல் அவரோடு மோதியவர்கள் அனைவரும் ஆண்கள், வென்றவர் அவர். 1960-ல் 161 அடி வீசினார். கணவர் லீ வுல்ஃபுடன் சேர்ந்து 1979-ல் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பீவர்கில் ஆற்றை ஒட்டி ஒரு பள்ளி தொடங்கினார். வீச்சின் ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்துப் பாடமாக்கியது அவருடைய சாதனை. அதற்கு முன்பெல்லாம் 'என்னைப் பார்த்துச் செய்' என்பதுதான் பாடம்.

தண்ணீரில் இறங்கும் நாள்

புல்தரைப் பாடம் தேறினால் ஆற்றுக்குப் போகலாம். அனுமதிச் சீட்டு அவசியம். நியூயார்க் மாநிலத்தில் 16 வயது நிரம்பிய யாருக்கும் இது கட்டாயம். தொப்பியும் கண்ணாடியும் அதைவிட அவசியம். காதோரம் 'விர்'ரென்று போவது கூரிய முள் என்பதை மறக்கக் கூடாது.

டிரவுட் எதிர்நீரைப் பார்த்து நிற்கும். ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து, அதன் முதுகுப் பக்கமாக நெருங்கி, மேல்நோக்கி வீச வேண்டும். ஈ பூவைப் போல் விழ வேண்டும். விழுந்தால் போதாது, நிஜப் பூச்சியைப் போலத் தண்ணீரின் போக்கிலேயே மிதக்க வேண்டும். நடு ஆற்று வேகம் கயிற்றை இழுத்து, ஈ தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடினால் மீன் ஏறெடுத்தும் பாராது. எந்த இறகு, என்ன நிறம் என்று பெட்டி பெட்டியாக ஈக்களை வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நாலைந்து விதம் இருந்தால் முதல் வருஷத்துக்குத் தாராளம்.

மீன் அகப்பட்டால்? பலர் அதை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். பிடித்ததை விடுவதற்கா இத்தனை பாடு என்று நம்மவர்கள் சிரிக்கலாம். ஆனால் விடுவதற்கும் பக்குவம் வேண்டும். முள்ளில் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கிவிட வேண்டும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் உள்ள வழவழப்புப் பூச்சு போய்விடும். கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். தலையை எதிர்நீருக்குக் காட்டிப் பிடித்திருந்தால், அது தெம்பு வந்ததும் தானே நழுவிப் போகும்.

கோடையில் அதுவும் பலிக்காது. வெந்நீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் விட்ட பிறகும் செத்து மிதக்கும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பையில் ஒரு வெப்பமானியும் வைத்திருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலையிலேயே வந்து முதலில் அதைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்கள். 20 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டுவிட்டால், ஈ கட்டாமலே கோலை மடக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.