சர்க்கரை நோயா? பார்வை தெளிவாக இருந்தாலும் கண்ணைக் காட்டுங்கள்



"பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, கண் டாக்டர் எதற்கு?" சர்க்கரை நோயுள்ள நம் பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். சர்க்கரை கூடினால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதாகும். தொடக்கத்தில் வலியோ மங்கலோ இருக்காது. குர்ஆன் எழுத்துகள் மங்கும்போது நோய் முற்றியிருக்கலாம். முன்பே கண்டறிந்தால் லேசர், ஊசி சிகிச்சைகளால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதற்குப் போதாது. ஆண்டுக்கு 1 முறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். பிறகு சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்கத்திலேயே கண்ணைக் காட்ட வேண்டும்.

விழுப்புரத்தாருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். திண்டிவனத்தார் புதுச்சேரி ஜிப்மருக்குச் செல்லலாம்.

சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். ரமலானுக்கு முன் மருத்துவரைக் கலந்து பேசுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள்?" பதில் வராவிட்டால், இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.