உங்களுக்குத் தெரியுமா? வாக்காளர் கணக்கு

● எலும்பு முறிவுக்குப் போடும் ‘புத்தூர் கட்டு’க்குப் பேர்போன ஆந்திரப் புத்தூர், 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் 2024 மே 13 அன்று புத்தூர்க்காரர்கள் வாக்களித்தது சித்தூர் மக்களவைத் தொகுதிக்கு! மாவட்ட எல்லையை மாநில அரசு மாற்றலாம். தொகுதி எல்லையில் அது கைவைக்க முடியாது. புத்தூர் அடங்கிய நகரி சட்டமன்றத் தொகுதி அப்போது இரண்டு மாவட்டங்களில் கிடந்தது.

● பக்கத்துத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. குடும்பங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. அவர்கள் வாக்களிக்கும் மாநிலம் மாறிவிட்டது.

● வாக்குரிமை வயதை 21லிருந்து 18 ஆக்கிய 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் 18 வயதினர் முதன்முறை வாக்களித்தனர்.

● தொகுதி பிரிக்கும்போது வாக்காளர்களை மட்டும் எண்ணுவதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் மக்கள்தொகைக் கணக்கில் உண்டு. வாக்குரிமை வயது வந்த குடிமக்கள் எத்தனை பேர் என்று அமெரிக்கா கவுண்டி (மாவட்டம்) வாரியாக மதிப்பிட்டு வெளியிடுகிறது. ஆனாலும் மொத்த மக்கள்தொகையை வைத்தே தொகுதி வகுக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

● மக்கள்தொகையில் எத்தனை பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்கள், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் எத்தனை, 18, 19 வயதினர் எத்தனை என்று தேர்தல் ஆணையம் தொகுதிதோறும் ஒப்பிடுகிறது. விகிதம் இடறினால், தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் அங்கே இருக்கலாம் என்று தெரியும்.

● பட்டியலில் சேர முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் ஓராண்டு காத்திருப்பு. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். 17 நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

● முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் மக்கள்தொகைக் கணக்கில் வருவார்கள். குடியுரிமை பெறாதவரை வாக்காளர் பட்டியலில் வரமாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் இதே நிலை. இதற்கொரு முடிவு வரத்தான் வேண்டும்.

● புதிதாகச் சேரப் படிவம் 6. பிழைப்புக்காக ஊர் மாறினால் படிவம் 8. இரண்டு ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கக்கூடாது. ஓர் ஊரிலும் இல்லாமல் போகவும் கூடாது. 18 நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரமே பெயரைச் சரிபாருங்கள்!