சூடேறும் எஞ்சின்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவது தேசிய நெடுஞ்சாலை 44. தில்லி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களின் வழியே செல்லும் இச்சாலையில், முகப்பில் நாமக்கல் என்று எழுதிய லாரிகளைக் காணலாம். அவை வடக்கு நோக்கிப் புறப்படும்போது முதலில் எதிர்ப்படும் கடினமான ஏற்றம், சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய்.

சரக்கேற்றிய லாரி ஒன்று அக்கணவாயில் ஏறுகிறது எனக் கொள்வோம். எஞ்சின் அடிக்கடி சூடேறியதால் முதல் நாள்தான் அதன் தெர்மோஸ்டாட் மாற்றப்பட்டது. ஆயினும் வெப்பமானியின் முள் மீண்டும் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ‘புதிய பாகம் பழுது’ என்கிறார் கிளீனர். ‘எஞ்சினே பழுது’ என்று அஞ்சுகிறார் ஓட்டுநர். இரண்டையும் சோதிக்காமல் முடிவு செய்தல் கூடாது.

டீசல் எரிவதால் பிறக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்கே வண்டியை ஓட்டுகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தின் ஒரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று காற்றில் விடுகிறது. இடையில் கதவுபோல் நிற்பது தெர்மோஸ்டாட். அதனுள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து கதவைத் திறக்கும். பல வண்டிகளில் அது 82 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கும்.

முள் சிவப்பை நெருங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் குறைந்து, அந்நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் காணும்.

எஞ்சின் ஆறியபின் முதலில் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது நீர் வெளியேறுகிறது. மீண்டும் நிரப்பும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. இதனைப் பட்டறைகளில் ‘ஏர் லாக்’ என்பர். காற்று சிக்கிய இடத்தில் நீர் சரியாக ஓடாது, வெப்பமும் வெளியேறாது. முள் திடீரென ஏறி இறங்குவது இதன் அடையாளம். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்குமாறு நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, குளிர்ந்த எஞ்சினில் மெதுவாக நீர் நிரப்பினால் காற்று குமிழிகளாக வெளியேறும். காற்றை வெளியேற்றும் திருகாணி இருந்தால் அதனையும் தளர்த்த வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்ட திசை. மெழுகு உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருத்தல் வேண்டும். திருப்பிப் பொருத்தினால் சூடான நீர் மெழுகைச் சரியாகத் தொடாது. கதவு உரிய நேரத்தில் திறக்காது. பாகத்தின் மீதே ஐயம் எழுந்தால், அதனைக் கழற்றி ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கலாம். நீர் கொதிக்கும்வரை திறக்காவிடில் அது பழுது.

இவை அனைத்தும் சரியாக இருந்தால், தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப், சேறும் உப்பும் அடைத்த ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காற்றை வெளியேற்றிய பின்னும் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதுபட்டிருக்கலாம். எஞ்சினைப் பிரிக்க எண்ண வேண்டியது அதன் பிறகே.

சிலர் தெர்மோஸ்டாட்டை அறவே கழற்றிவிட்டு ஓட்டுவர். அவ்வாறு செய்தால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் தேயும். டீசலும் மிகுதியாகச் செலவாகும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும்.

அளவுக்கு மீறிச் சூடேறிய எஞ்சினில் ஹெட் வளைந்துவிடும். கடன் தவணையும் குடும்பச் செலவும் அந்த ஒரே லாரியை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பேரிழப்பு. கடைசியாக எங்கே கைவைத்தார்களோ அங்கிருந்தே சோதனையைத் தொடங்குவதும், செலவில்லாத சோதனையை முதலில் செய்வதும் அவ்விழப்பைத் தடுக்கும்.

பயிற்சி

1. சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கக் கூடாது?
2. தெர்மோஸ்டாட் மாற்றியபின் காற்று சிக்குவது எவ்வாறு? அதனை நீக்கும் முறை யாது?
3. ‘செலவில்லாத சோதனையை முதலில் செய்க’ என்னும் கருத்து, வீட்டில் மின்விசிறி சுழலாதபோது எவ்வாறு பயன்படும்? ஐந்து வரிகளில் எழுதுக.