டப்பா மீதே வழக்கு!

உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்காவில் பொய் லேபிளோடு பிடிபட்ட உணவுப் பண்டம் தானே பிரதிவாதி ஆகிவிடும்! 'அமெரிக்க அரசு எதிர் 95 பீப்பாய் வினிகர்' என்று ஒரு வழக்கு. விளையாட்டில்லை, 1924-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன வழக்கு! 'கூடவோ குறையவோ' என்ற சொற்களும் வழக்கின் பெயரிலேயே உண்டு. உலர்ந்த ஆப்பிளை ஊறவைத்துக் காய்ச்சிய வினிகருக்கு 'தேர்ந்தெடுத்த ஆப்பிளில் செய்தது' என்று லேபிள். ஜெயித்தது அரசு!

1911-இல் மாட்டியது முட்டை! ஓடு நீக்கி டின்னில் அடைத்து, போரிக் அமிலம் சேர்த்த முட்டை. பியோரியா நகர பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்த 50 டின்களை அரசு அங்கேயே மடக்கியது. உச்ச நீதிமன்றமும் 'சரி' என்றது!

இதற்கெல்லாம் அடிப்படையான சட்டம் 1906 ஜூன் 30 அன்று வந்தது. அதற்கு முன்பே, 1902-இல், அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி ஒரு காரியம் செய்தார். 12 இளைஞர்களை உட்காரவைத்து, உணவில் சேர்க்கும் ரசாயனங்களைத் தின்னக் கொடுத்துச் சோதித்தார்! பத்திரிகைகள் வைத்த பெயர் 'விஷப் படை'!

இதைக் கேளுங்கள். 'பிரெட் ஸ்பிரெட்' என்று ஒரு பண்டம். பார்த்தால் அசல் ஸ்ட்ராபெரி ஜாம். உள்ளே இருந்ததோ தார் சாயம், செயற்கைப் பெக்டின், செயற்கை வாசனை. ஸ்ட்ராபெரி என்றால் குட்டிக்குட்டி விதை இருக்க வேண்டுமே? புல் விதையைத் தூவிவிட்டார்கள்! பழம் ஒன்றுகூடக் கிடையாது! அரசு 10 பெட்டிகளைப் பிடித்து வழக்குப் போட்டது. 1931-இல் தோற்றது அரசுதான்! லேபிளில் 'ஜாம்' என்ற பேச்சே இல்லை. தனிப் பெயர் சூட்டிய பண்டத்துக்கு அன்றைய சட்டத்தில் விலக்கு! கொதித்துப்போன அதிகாரிகள் இதையும் இன்னும் பல மோசடிப் பொருட்களையும் 1933-இல் கண்காட்சியாகவே வைத்துவிட்டார்கள். 1938-இல் புதிய சட்டம் வந்தது. மறு வருடமே முதல் உணவுத் தர வரையறை. எதற்கு? டப்பாவில் அடைத்த தக்காளிக்கு!

'தரம் குறைவு, ஆனால் சட்ட விரோதமல்ல!' தரம் தாழ்ந்த டப்பா உணவை இப்படி லேபிளில் அச்சடித்துத்தான் விற்க வேண்டும் என்று கம்பெனிகளை 1930-இல் அமெரிக்கா கட்டாயப்படுத்தியது!

டப்பா பட்டாணி முற்றலா, இளசா? ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கச் சொன்னது விதி. நசுக்க வைக்கும் எடையின் எல்லை 907.2 கிராம்!

பழக் கலவை டப்பாவில் செர்ரி கண்ணில் படுவது அதிர்ஷ்டம் என்று நினைத்தீர்களா? சட்டம்! ஒவ்வொரு 127.5 கிராமுக்கும் குறைந்தது அரை செர்ரி இருந்தே ஆக வேண்டும்! அன்னாசியில் இரண்டு கீற்று, இல்லையென்றால் மூன்று சதுரத் துண்டு!

'வெள்ளை சூரை' என்று டப்பாவில் போட வேண்டுமா? அல்பகோர் என்ற ஒரே இனத்துக்குத்தான் அனுமதி. அதன் நிறத்தையும் அளப்பார்கள். மன்செல் அளவுகோலில் 6.3-ஐ விடக் கறுத்திருந்தால் அந்தப் பெயர் கிடையாது!

இன்னொரு பக்கம் பாருங்கள். 'பறங்கி' என்று லேபிள் ஒட்டிய டப்பாவில் ஸ்குவாஷ் காய் இருந்தால் வழக்கே இல்லை! 1938 முதல் அதற்கு அனுமதி. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை.

மத்தி மீனுக்காக நாடுகளே மோதின! ஐரோப்பியக் கடல் மத்திக்கு மட்டும்தான் டப்பாவில் அந்தப் பெயர் என்றது ஐரோப்பிய ஒன்றியம். எங்கள் மீனுக்கும் உரிமை உண்டு என்று உலக வர்த்தக அமைப்புக்குப் போனது பெரு. 2002-இல் ஜெயித்தது பெரு!

எல்லாவற்றிலும் கொடுமை எது தெரியுமா? கைக்குழந்தைகளுக்கு '100 சதவீத ஆப்பிள் சாறு' என்று விற்றது பீச்நட் கம்பெனி. இருந்தது சர்க்கரைப் பாகும் அமிலமும் வண்ணமும்! 1987-இல் நீதிமன்றத்தில் அது ஒப்புக்கொண்ட குற்றங்கள் 215! அபராதம் 20 லட்சம் டாலர்!