உணவு ஒவ்வாமையும் உண்மை நிர்ணயமும்

காரைக்குடி, அமராவதிபுதூர் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, கடன் மனுக்களில் "நோக்கம்" என்றுள்ள பத்தியை நாம் வாசியாமல் விடுவதில்லை. தறிக்கு நூல், நிலக்கடலை விதை, உரம், மகளின் படிப்பு ஆகியவை அங்கே வழக்கமாகக் காணப்படுவன. அண்மைக் காலத்தில் "அலர்ஜி டெஸ்ட்" என்னும் நோக்கமும் அப்பத்தியில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. வைத்தியச் செலவுக்குக் கடன் கேட்பது தவறன்று. ஆனால், நகையை ஈடு வைத்துப் பெற்ற பணம் எந்தப் பரிசோதனைக்குச் செல்கிறது, அது என்ன விடையைத் தருகிறது என்று விசாரித்தபோது, சில வீடுகளில் பணமும் போய், சந்தேகமும் தீராமல், உண்டுகொண்டிருந்த உணவும் நின்றுபோயிருப்பதைக் கண்டோம். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியமாயிற்று.

உணவு உடம்புக்கு ஒவ்வாமற்போவது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. கத்தரிக்காய், கருவாடு, நண்டு முதலியவற்றைக் "கரப்பான் பண்டம்" என்று ஒதுக்கி வைப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். சொறி, சிரங்கு உள்ளவர்க்கு இவை ஆகா என்பது அவர்கள் கண்ட அனுபவம். அந்த அனுபவத்தை நாம் இகழ்வதற்கில்லை. எனினும், அரிப்பு எடுத்ததெல்லாம் ஒவ்வாமை ஆகிவிடாது.

மேனாட்டு வைத்தியத்தில் "அலர்ஜி" என்ற சொல்லை 1906-இல் உண்டாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. 1921-இல் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானிய வைத்தியர்கள் ஒரு விசித்திரமான சோதனையைச் செய்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் சிறிது செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அவ்விடம் உடனே தடித்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. அப்பொருள் ஐஜிஇ என்னும் புரதம் என்று 1960-களின் பிற்பகுதியில் இஷிஸாகா தம்பதியரும், சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் கண்டறிந்தனர். இன்றைய பரிசோதனைகள் பெரும்பாலும் இந்த ஐஜிஇ-யைத் தேடுபவையே.

தேடினால் கிடைக்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்தில், யூரோபிரிவால் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சியின் பகுதியாக, 11,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரணை நடத்தினார்கள். பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு இது: ஏதேனும் ஓர் உணவுக்கு எதிராக ரத்தத்தில் ஐஜிஇ காணப்பட்டவர்கள் 100-க்கு 26 பேருக்கு மேல். உண்மையில் உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் என்று கருதத்தக்கவர்களோ 100-க்கு 1 பேரைச் சற்றே தாண்டினர். குழந்தைகளிடையே வித்தியாசம் இன்னும் பெரிது. 2020-இல் வெளியான கணக்கின்படி 100-க்கு 19 குழந்தைகளின் ரத்தம் "உண்டு" என்றது. ஒவ்வாமை இருந்ததாகக் கருதப்பட்டவர்களோ 1,000-க்கு ஒன்று, இரண்டு என்ற அளவே.

இந்த எண்களை அங்கத்தினர்கள் மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறோம். பேரேட்டில் ஒரு பற்று எழுதப்பட்டிருப்பதனால் மட்டும் சரக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நாம் ஒப்புக்கொள்வதில்லை. கிடங்கைத் திறந்து இருப்பைப் பார்க்கிறோம். ரத்தப் பரிசோதனை பேரேட்டுப் பதிவைப் போன்றது. உண்ட உணவு உடம்பில் என்ன செய்தது என்பதே இருப்பு.

பதிவு ஏன் இவ்வாறு பிழைபடுகிறது? ஒரு காரணம், உருவத்தால் ஒத்த புரதங்கள். நம் வட்டாரத்தில் கண்மாய்க்கரை தோறும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் உண்டாக்கவல்லது. அம்மகரந்தத்தின் புரதமும் டபுள் பீன்ஸ் பருப்பின் புரதமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை டில்லி ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே, மகரந்தத்தால் மூக்கு ஒழுகுகிறவரின் ரத்தம் ஏதோ ஒரு பயற்றுக்கும் "உண்டு" என்று சொல்லக்கூடும். அவரோ அப்பயற்றை ஆயுள் முழுவதும் சுகமாகத் தின்று வந்திருப்பார்.

கத்தரிக்காயையும் விட்டுவிடவில்லை. மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கத்தரிக்காய் ஆகவில்லை என்று சொன்னவர்களும், தோல் பரிசோதனையில் தடித்தவர்களுமாக 100-க்கு ஏறக்குறைய 10 பேர் தேறினார்கள். ஐஜிஇ வழியான ஒவ்வாமை என்று நிச்சயமானவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. பாட்டிமார் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது எல்லோருக்கும் உரியதன்று.

மற்றொரு வகைப் பரிசோதனையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே சொட்டு ரத்தத்தில் விடை தருவதாக விளம்பரம் செய்யப்படும் "ஐஜிஜி" பரிசோதனை அது. எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. பொருள் முற்றிலும் வேறு. ஓர் உணவை நாம் உண்டு பழகியிருக்கிறோம் என்பதற்கே ஐஜிஜி சாட்சி. அரிசி உண்பவன் ரத்தத்தில் அரிசிக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் கழகம் 2008-லேயே அறிவித்துவிட்டது. அமெரிக்க, கனடா நாட்டுக் கழகங்களின் கருத்தும் அதுவே. இதற்கென்று நகையை ஈடு வைக்க வரும் அங்கத்தினரிடம் காரியதரிசி இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் புண்ணியமாகும்.

நெசவாளர் குடும்பம் ஒன்றில் நேர்ந்ததை, பெயர் ஊர் குறிப்பிடாமல், இங்கே சொல்லுகிறோம். ஐந்து வயதுப் பையனுக்கு மாதத்தில் இரண்டொரு நாள் உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையில் அரிசி, பால், முட்டை, துவரம்பருப்பு, நிலக்கடலை உட்பட முப்பதுக்கு மேற்பட்ட உணவுகள் சிவப்பு மையில் அச்சாகியிருந்தன. தாய் அத்தனையையும் நிறுத்திவிட்டாள். கேழ்வரகுக் கூழும் இரண்டொரு காய்கறியுமே அவனுக்கு உணவு. நான்கு மாதத்தில் பையன் எடை குறைந்தான். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சத்துணவுக்கு உட்காருவதும் நின்றது. பிறகு உறவினர் ஒருவர் சொல்லி மதுரையில் ஒரு வைத்தியரிடம் போனார்கள். அவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அரைமணி நேரத்துக்கு மேல் கேள்விகளே கேட்டாராம். அறிக்கையில் கண்ட உணவு எதையேனும் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு வந்ததுண்டா? தாய்க்கு அப்படி ஒரு நாளும் நினைவில்லை. தடிப்பு வந்த நாட்களுக்கு முன் சளி, காய்ச்சல் இருந்ததா? ஒவ்வொரு முறையும் இருந்தது. குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சலை ஒட்டித் தடிப்பு எழுவது சாதாரணம். முட்டைக்கு மட்டும் தோல் சிறிது தடித்தமையால், வைத்தியர் தம் முன்னிலையிலேயே முட்டையைச் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. முப்பது உணவும் அன்று மாலையே அவனுக்குத் திரும்பின.

நல்ல ஒவ்வாமை வைத்தியரின் இலக்கணம் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. முதலில் அவர் கதையைக் கேட்பார். கதையில் சந்தேகத்துக்கு இடம் உள்ள நாலைந்து உணவுகளை மட்டும் தேர்ந்து தோல் பரிசோதனை செய்வார்: முன்கையில் உணவுச் சாற்றைச் சொட்டாக வைத்து, சிறு ஊசியால் மேலாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பது. வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றும், கட்டாயம் தடிக்கும் ஹிஸ்டமின் சொட்டு ஒன்றும் ஒப்பீட்டுக்காகக் கூடவே வைக்கப்படும். உப்புநீர்ச் சொட்டைக் காட்டிலும் 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால்தான் கணக்கு. இதன் பின்னும் ஐயம் நீங்காவிட்டால், ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்துகளைத் தயாராகக் கொண்டு, அந்த உணவையே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உண்ணச் செய்வார். முடிவான சோதனை இதுதான். இதை வீட்டில் நாமாகச் செய்து பார்ப்பது ஆபத்து.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம். நம் நாட்டில் ஒவ்வாமை வைத்தியம் செய்பவர்கள் பெரும்பாலும் குழந்தை வைத்தியம், நுரையீரல், தோல், காது மூக்கு தொண்டை ஆகியவற்றுள் ஒன்றைப் படித்துவிட்டு, பிறகு இதில் தனிப் பயிற்சி பெற்றவர்கள். எங்கே பயிற்சி பெற்றார், தோல் பரிசோதனையைத் தாமே செய்கிறாரா, உணவை உண்ணச் செய்து பார்க்கும் வசதி உண்டா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. அவர் பதிவு பெற்றவர்தானா என்பதைத் தமிழ்நாடு மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். நம் பகுதியினர் முதலில் காரைக்குடி அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ சீட்டு வாங்கிச் செல்வது செலவு குறைந்த வழி. வாசலிலேயே நூறு உணவுப் பட்டியலை நீட்டுகிற இடமானால், திரும்பி வந்துவிடுவது நலம்.

வைத்தியரிடம் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கடைகளில் நாள்வழி எழுதியது போல, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். என்ன உண்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன உபாதை, அன்று காய்ச்சலோ மாத்திரையோ உண்டா, தறியில் புதுச் சாயநூல் ஏற்றினோமா, வயலில் மருந்து தெளித்தோமா என்பவை அதில் இருத்தல் வேண்டும். தடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் உதவும். வைத்தியரைக் காணும் நாளில் அது மறைந்துபோயிருக்கும். செட்ரிஸின், ஏவில் போன்ற மாத்திரைகள் தோல் பரிசோதனையைக் கெடுக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் முன்பாக அவற்றை நிறுத்தலாமா என்று வைத்தியரையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வாமை போலத் தோன்றி ஒவ்வாமை அல்லாதவை இரண்டை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது என்பார் பலர். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குழந்தைப் பருவம் கழிந்தபின் குறைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் தென்னிந்தியரில் மூவரில் இருவருக்கு இக்குறை இருந்தது. இது தொல்லையே தவிர உயிருக்கு ஆபத்தன்று. தயிரும் மோரும் இவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும். மற்றொன்று மீன். தொண்டிப் பக்கமிருந்து வரும் சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வழியில் போதிய ஐஸ் இல்லாமல் கிடந்தால், அவற்றில் ஹிஸ்டமின் பெருகிவிடும். கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. உண்டவர் முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் எடுக்கும். ஒரே பானைக் குழம்பைத் தின்ற நாலு பேருக்கும் இப்படி வந்ததென்றால், பழி மீன்காரரின் ஐஸ் பெட்டியைச் சேரும், உடம்பைச் சேராது.

நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. ஒவ்வாமைக்கு அஞ்சிக் கைக்குழந்தைகளுக்குக் கடலையே காட்டாமல் வளர்ப்பது நல்லதென்று மேனாடுகளில் ஒரு காலத்தில் போதித்தார்கள். லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடலை உணவு கொடுத்தும் மற்றதற்குக் கொடாமலும் ஐந்து வயதுவரை பார்த்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, கொடாத பிரிவில் 100-க்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை. கொடுத்த பிரிவில் 3 பேருக்கே. போதனை தலைகீழாயிற்று. ஆயினும் கைக்குழந்தைக்கு முழுக்கடலை கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கும். நைய அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையாயின், முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதனால் உண்மையான ஒவ்வாமையை யாரும் எளிதாக எண்ணிவிடலாகாது. இறால், நண்டு, கடலை, முட்டை, பால் என ஏதேனும் ஒன்றைச் சிறிது தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, மயக்கம் வருமாயின் அது உயிர் போகும் அவசரம். ஏவில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-க்குச் சொல்லி, நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இதற்கு முதல் மருந்து. ஒருமுறை இப்படி வந்தவர் ஒவ்வாமை வைத்தியரைக் கட்டாயம் பார்த்து, ஊசியை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

நிச்சயமான ஒவ்வாமையும் நிரந்தரமானது என்பதில்லை. பால், முட்டை ஒவ்வாமை குழந்தைகள் பலருக்கு வளர வளர நீங்கிவிடும். கடலை, மீன், இறால் ஒவ்வாமை பெரும்பாலும் தங்கிவிடும். எனவே, விலக்கச் சொன்ன உணவை மறுபடி எப்போது சோதித்துப் பார்ப்பது என்பதையும் அதே வைத்தியரிடம் கேட்டு, நாள்வழி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளலாம்.